குழியில் நிற்பவனின் ஃபோன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் பெண்டாட்டி அதைத் தெரிந்துகொண்டுதான் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தம்பி தெரிந்துகொள்ளாமல் என்னோடு வேலைக்குச் சேர்ந்தான். ஐந்து வருடமாக நானும் அவனும் ஜோடியாக லிஃப்ட் பராமரிக்கிறோம். நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை மாமா என்பான். முப்பத்தொரு வயது ஆள். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது. ஆபீசில் அவனுக்குச் சைலன்ஸர் என்று பெயர்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்டுக்கு அடியில், தரைமட்டத்துக்குக் கீழே, ஒரு குழி இருக்கும். பெரிய ஸ்பிரிங், தொங்கும் கேபிள், ஊறி நிற்கும் தண்ணீர், மேலேயிருந்து யாரோ தவறவிட்ட சாவிகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அதில் இறங்குபவன் தன் ஃபோனை வெளியே நிற்பவனிடம் கொடுத்துவிட வேண்டும். மணி அடித்தால் வெளியே நிற்பவன் எடுத்தே ஆக வேண்டும். ஏனென்றால் எங்கள் நம்பர்கள் ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் ஒட்டியிருக்கின்றன. கதவு திறக்காமல் உள்ளே தவிக்கிற யாராவது கூப்பிடலாம். எடுத்தவுடன் கம்பெனி பெயரைச் சொல்லி, எந்தக் கட்டடம், எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். நான் இந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. அந்தத் திங்கட்கிழமையும் மீறவில்லை. மீறித் தொலைத்திருக்கலாம்.

ஒன்பது மாடிக் கட்டடம். அவன் குழிக்குள் டார்ச்சைக் கவ்விக்கொண்டு தண்ணீர் வழித்துக்கொண்டிருந்தான். நான் மேலே கதவோரம் நின்றுகொண்டு, லிஃப்ட் எப்போது ஓடும் என்று கேட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அவன் ஃபோன் அடித்தது. புது நம்பர். எடுத்தேன், கம்பெனி பெயரைச் சொன்னேன்.

"எந்தக் கட்டடம்ங்க? உள்ள யாராவது மாட்டியிருக்காங்களா?"

அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல். சிரிக்கிற குரல். "அவர் இல்லையா?" என்றது.

"குழிக்குள்ள இருக்கார். இருபது நிமிஷம் ஆகும். நான் அவரோட அக்கா வீட்டுக்காரர்தான், கூடத்தான் வேலை பாக்கறேன். என்கிட்ட சொல்லுங்க."

"அக்கா வீட்டுக்காரரா? ரொம்ப நல்லதாப் போச்சு. கம்பெனி பேரை இன்னொரு தடவை சொல்லுங்க. ஆபீஸ் நம்பரும் வேணும்."

சொன்னேன். ஆபீசில் புகார் வாங்குகிற ஃபோனின் நம்பரை அவன் எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "எழுதிட்டீங்களா? திருப்பிச் சொல்லுங்க பாக்கலாம்" என்று சரியும் பார்த்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவன் வைத்த அரை நிமிடத்தில் திரை வெளிச்சமானது. 'உன் மாமா தங்கமான மனுஷன். ஆபீஸ் நம்பர் எல்லாம் குடுத்தார். இன்னும் ஒரு மணி நேரம் டைம். முதல்ல ஆபீஸ், அப்புறம் அக்கா.' அதற்குக் கீழே ஒரு படம். படத்தில் என் மாப்ளே இருந்தான். அதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை.

குழியை எட்டிப் பார்த்தேன். அவன் நிமிர்ந்து, முட்டி வரை சேற்றோடு, என் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். பேயறைந்தவன் மாதிரி ஆகிவிட்டான். "மேல ஏறு" என்றேன். ஏறவில்லை. இரண்டு தடவை சொன்ன பிறகு ஏறினான்.

வேனில் உட்கார்ந்துதான் சொன்னான். மூன்று வாரம் முன்பு ஒரு பெண் பழக்கமாகியிருக்கிறாள். அதாவது பெண் என்று சொல்லிக்கொண்ட ஒன்று. தினமும் பேசியிருக்கிறது, வேலை முடிந்ததா, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அவனிடம் அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு வீடியோவில் கூப்பிட்டிருக்கிறது. இவன் நம்பினான். அது பதிவு செய்தது. அடுத்த நாளே இவனுடைய நண்பர்கள் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பி, பணம் கேட்டது. இவன் இரண்டு முறை அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் அதற்குப் பசி எடுத்தது.

"என்கிட்ட சொல்றதுக்கு என்னடா?" என்று கத்தினேன். வேனுக்கு வெளியே போன ஆள் திரும்பிப் பார்த்தார்.

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாமா, இப்ப கீழ நிக்கும்போது, மேல இருக்கிற லிஃப்ட் கூண்டு அப்படியே இறங்கி வந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. அக்கா அந்தப் படத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி."

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது கோபமா பயமா என்று இன்றைக்கும் தெரியாது. ஐந்து வருடமாக என் கண் முன்னால் குழியில் இறங்குகிறவன். அவன் ஃபோனைப் பிடுங்கி, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் சேர்த்து அந்த நாய்க்கு எழுத ஆரம்பித்தேன். பாதியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "அனுப்பாதீங்க மாமா. கோபம் வந்தா உடனே போட்டுடுவான்."

சரி, போலீஸ் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? நேராக ஸ்டேஷனுக்கு வண்டியை விட்டேன்.

வாசல் மேசையில் இருந்தவர் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "நீ எதுக்குப்பா காட்டினே?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். "ஆம்பளை தானே, இதுல என்ன போயிடப் போகுது? ஃபோனை ஆஃப் பண்ணிட்டுப் போய்ப் படு." பிறகு, "எங்க, படத்தைக் காட்டு" என்று கையை நீட்டினார். மாப்ளே கொடுத்துவிட்டான். கையை நீட்டிக் கேட்டால் உயிரையும் கொடுக்கிற ஜாதி அவன். அந்த ஆள் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்கு நீட்டினார். நான் எட்டிப் பிடுங்கினேன். அங்கே நான் பேசியதை எழுதினால் என்னைத்தான் உள்ளே வைப்பார்கள். நல்லவேளை, மாப்ளே என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

வேனுக்குத் திரும்பினோம். ஒரு மணி நேரத்தில் பாதி போயிருந்தது. உதவி எண் என்று தேடினால் வரிசையாக வருகிறது. முதல் நம்பரில் ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். நான் பாட்டுக் கேட்கவா கூப்பிட்டேன்? இரண்டாவது பெண்களுக்கான எண்ணாம். ஆனால் அந்தப் பெண் வைத்துவிடவில்லை. "இருங்கண்ணா, ஆம்பளைங்களுக்கும் பாக்கறவங்க இருக்காங்க, எழுதிக்கோங்க" என்று மூன்றாவது நம்பரைத் தந்தாள். நன்றாக இருக்கட்டும்.

மூன்றாவதில் இரண்டே ரிங்கில் எடுத்தார்கள். நடுவயதுப் பெண் குரல். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன், போலீஸ்காரர் உட்பட, பாட்டுப் போட்டவர்கள் உட்பட.

"சார்," என்றார் அந்த அம்மா. "நீங்க யார் மேல எல்லாம் கோபமா இருக்கீங்கன்னு புரியுது. எல்லாம் நியாயம்தான். இப்ப ஃபோனை அவர்கிட்ட குடுக்கறீங்களா?"

கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டான். அவர் கேட்ட முதல் கேள்வி படத்தைப் பற்றியே இல்லை. "தம்பி, உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?" என்று, மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். "காலைல தோணுச்சும்மா."

"இப்ப?"

"இப்ப... கொஞ்சம்."

"சொன்னதுக்கு நன்றிப்பா. இன்னைக்கு நீங்க தனியா இருக்க வேண்டாம். மாமா வீட்டுல தங்குங்க. மறுபடி தோணினா எந்த நேரமா இருந்தாலும் இதே நம்பருக்குக் கூப்பிடுங்க. இப்ப ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேளுங்க. நீங்க தப்பு பண்ணல. உங்களை நம்ப வெச்சு ஒருத்தன் திருடியிருக்கான். இந்த ஏழு நாள்ல எனக்கு வந்த பதினாறாவது ஃபோன் நீங்க."

பதினாறு. நான் அதுவரை உலகத்திலேயே இவன் ஒருத்தன்தான் ஏமாந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவர் வேலையைச் சொல்லிக் கொடுத்தார். இனி ஒரு பைசா அனுப்பக் கூடாது. பதில் எழுதக் கூடாது, திட்டியும் எழுதக் கூடாது. அங்கே நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதையும் அழிக்கக் கூடாது. ஒவ்வொரு செய்தியையும் நம்பரும் நேரமும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வைக்க வேண்டும். நண்பர்கள் பட்டியலை மூட வேண்டும், அந்தக் கணக்கைப் பற்றிப் புகார் கொடுக்க வேண்டும். படத்தை யாரிடமும் கொடுக்காமலே அதன் கைரேகை மாதிரி ஒன்றை எடுத்துப் பதிவு செய்யலாம், பெரிய தளங்களில் அது ஏறாமல் தடுப்பார்கள், அதற்கு அவரே கூட இருந்து உதவுவார். எல்லாவற்றையும் அச்செடுத்து, எழுத்தில் புகாராக, சைபர் பிரிவுக்குப் போக வேண்டும். வாசல் மேசையோடு திரும்பக் கூடாது.

நான் குறுக்கே புகுந்து, "ஆபீஸ் நம்பரை அவனுக்குக் குடுத்தது நான்தாம்மா" என்றேன்.

"தெரியாம செஞ்சிட்டீங்க. அவன் ஆபீசுக்கு அனுப்பலாம், அனுப்பாமலும் போகலாம். அதுக்கு முன்னாடி அங்க நம்பகமான ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சா நல்லது. அக்காகிட்டயும். ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது தம்பி. நீங்க இல்ல. அவர் சொல்லாம நீங்க யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது, சரியா?"

"சரிம்மா" என்றேன். ஐம்பது வயதில் வாத்தியார் முன் நிற்கிற மாதிரி இருந்தது.

"அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது மாமா," என்றான் அவன், ஃபோனை வைத்ததும். "சத்தியம் பண்ணுங்க." பண்ணினேன்.

அந்த ஒரு மணி நேரம் கடந்து போனது. ஒன்றும் நடக்கவில்லை. அவனை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். பெண்டாட்டியிடம், "அவன் ரூம்ல தண்ணி வரல, நாலு நாள் இங்கதான்" என்றேன். அவள் மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறவள். நாள் முழுக்க நோயாளிகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். என்னையும் அவனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி" என்றாள். முன்னறையில் அவனுக்குப் படுக்கை போட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவனைக் குழியில் இறங்க விடவில்லை. நானே இறங்கினேன், முட்டி வலியோடு. சைபர் பிரிவுக்குப் போகலாம் என்றால், "நாளைக்கு மாமா" என்றான். "நாளைக்கு நாளைக்குன்னா எப்படா?" என்றால் மறுபடி ஊமையாகிவிடுவான். அந்த வாசல் மேசைச் சிரிப்பு இவன் காதிலேயே இருந்தது. ஒருவன் திருடுகிறான், இன்னொருவன் சிரிக்கிறான், கூனிக் குறுகுவது மட்டும் இவன். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் யார் மேல் காட்டுவது? அந்த நாய்க்கு முகம் இல்லை. எழுதவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று முழுக்க ஸ்பானரைத்தான் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை ஆபீஸ். எட்டு மணிக்கு எல்லா மெக்கானிக்கும் வந்து அன்றைய வேலையை வாங்கிக்கொள்கிற நேரம். நான் முன்னே போனேன், அவன் வேனை நிறுத்தப் போயிருந்தான். உள்ளே நுழையும்போதே சிரிப்புச் சத்தம். புகார் ஃபோனில் உட்காருகிற ஆளுக்கு ரேடியோ என்று பெயர். ஒரு விஷயம் அவன் காதில் விழுந்தால் ஊருக்கே ஒலிபரப்பாகும். ரேடியோ கையில் ஃபோன். அவனைச் சுற்றி நாலு தலை.

"வாங்க வாங்க," என்றான் என்னைப் பார்த்து. "நம்ம சைலன்ஸர் வீட்டுல இப்படியெல்லாம் சத்தம் போடுவான்னு சொல்லவே இல்லையே!"

அவன் சட்டைக் காலர் என் கைக்குள் எப்போது வந்தது என்று தெரியாது. நாற்காலி சாய்ந்தது. நான் கத்திய கத்தலில் உள் அறையிலிருந்து மேனேஜர் ஓடி வந்தார். ஃபோனை வாங்கிப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். கதவைச் சாத்தச் சொன்னார், யாரும் நகரவில்லை. "இங்க பாருங்க, நாம ஜனங்க குடியிருக்கிற கட்டடத்துக்குள்ள போற ஆளுங்க. இது வெளிய போச்சுன்னா கம்பெனி பேர் என்ன ஆகும்? அவனை ரெண்டு மாசம் லீவுல போகச் சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

"திருடு போனவனுக்கு லீவா? சார், உங்க வீட்டுல திருடு போனா உங்களையா வெளிய தள்ளுவாங்க? மூணு வாரமா அவனை ஏமாத்தி, மிரட்டிப் பணம் பிடுங்கியிருக்கான் சார், நீங்க என்னடான்னா..."

அப்போதுதான் தெரிந்தது, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று. படத்தை நாலு பேர் பார்த்திருந்தார்கள். கதையை நான் பத்து பேருக்குச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை காற்றில் போயிற்று. திரும்பினால் மாப்ளே வாசலில் நிற்கிறான். வேன் சாவி கையில். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

நான் அவனிடம் ஓடினேன். எங்கே திரும்பி ஓடிவிடுவானோ என்று பயம். அவன் என்னை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"மாமா, நீங்க உக்காருங்க."

"டேய், நான்..."

"உக்காருங்க!"

ஐந்து வருடத்தில் அவன் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தேன்.

ரேடியோ பக்கம் போனான். "அழிக்காத. வந்த நம்பர், வந்த நேரம், ரெண்டும் தெரியற மாதிரிப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. இப்பவே. யார் யார்கிட்ட காட்டினே, யாருக்கு அனுப்பினே, பேர் சொல்லு. சொல்லலன்னா நான் போலீஸ்ல குடுக்கற புகார்ல உன் பேரும் வரும்."

"யாருக்கும் அனுப்பலப்பா, சத்தியமா," என்றான் ரேடியோ. ஒலிபரப்பு நின்றுபோயிருந்தது.

"சிரிச்சவங்க எல்லாம் சிரிச்சு முடிச்சாச்சா? அது நான்தான். என்னை ஏமாத்தி எடுத்தது. இன்னொரு தடவை யாராவது அதைப் பார்த்தா, அந்த மிரட்டறவனுக்கு நீங்க வேலை பாக்கறீங்கன்னு அர்த்தம்." பிறகு மேனேஜரிடம் திரும்பினான். "சார், லீவு வேணாம். இன்னைக்கு அரை நாள் மட்டும் வேணும். புகார் குடுக்கணும். ரெண்டு மாசம் வீட்டுல இருக்கணும்னா எழுத்துல குடுங்க, எதுக்காகன்னு காரணத்தோட. அதையும் புகார்ல சேத்துக்கறேன்."

மேனேஜர் அரை நாள் கொடுத்தார்.

வெளியே வேன் பக்கத்தில் வந்ததும் அவன் படியில் உட்கார்ந்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான். "ஆபீஸ்ல போட்டுட்டான். அடுத்தது அக்கா. அவன் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன்."

ஃபோனை எடுத்தான். முதலில் நம்பர் தவறியது. இரண்டாம் தடவை அடித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். மருந்துக்கடையின் சத்தம் கேட்டது, யாரோ மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வா. ஒண்ணு சொல்லணும்."

சத்தம் குறைந்தது. அவன் சொல்ல ஆரம்பித்தான். "ஒருத்தன் என்னைப் படம் எடுத்து மிரட்டறான்க்கா. அது... அந்தப் படம்... உனக்கு வரும். வந்தா..." அதற்கு மேல் வரவில்லை.

"வந்துடுச்சுடா," என்றாள் அவள்.

அவன் ஃபோனையே பார்த்தான்.

"திங்கக்கிழமை மத்தியானமே வந்துடுச்சு. உன் மூஞ்சி தெரிஞ்சுது, உடனே மூடிட்டேன். நம்பரையும் நேரத்தையும் சீட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"திங்கக்கிழமையா? அப்போ ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?"

"எவனோ ஒரு பொறுக்கி அனுப்பினதை வெச்சு என் தம்பியை நான் எதுக்குக் கேள்வி கேக்கணும்? நீ சொன்னா கேப்பேன்னு இருந்தேன். உன் மாமா தண்ணி வரலன்னு ஒரு பொய் சொன்னார் பாரு, அப்பவே ரெண்டு பேரையும் அறையணும் போல இருந்துது. ராத்திரி எழுந்து எழுந்து நீ மூச்சு விடறியான்னு பாத்துட்டுப் போனேன்டா." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எப்போ போலீசுக்குப் போறோம்? நான் பர்மிஷன் போட்டுட்டு வரேன். அங்க எவனாவது இளிச்சான்னா நான் பேசிக்கறேன்."

வைத்துவிட்டாள். திங்கட்கிழமை மத்தியானம். நாங்கள் வேனில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தை எண்ணிக்கொண்டிருந்த அதே நேரம். முதலில் ஆபீஸ் என்று எழுதியவன் முதலிலேயே அவளுக்கு அனுப்பிவிட்டிருந்தான். எது நடப்பதற்குள் செத்துவிட வேண்டும் என்று அவன் நினைத்தானோ, அது நடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் அவனுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள், அவன் சட்டையைத் துவைத்திருக்கிறாள், குளித்துவிட்டுத் தலையைச் சரியாகத் துவட்டவில்லை என்று திட்டியும் இருக்கிறாள்.

மாப்ளே எழுந்தான். வேனின் கதவை ஓங்கி ஓர் உதை விட்டான். அந்த முகமில்லாதவனை, அவன் சிரிப்பை, அவன் கொடுத்த ஒரு மணி நேரத்தை, எனக்கே தெரியாத வார்த்தைகளில், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி திட்டினான். நன்றாகத் திட்டினான். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.